எங்கள் அணியை ஆரம்பித்தது யார்

சித்தூரில் எங்கள் சபையில் பெண்பிள்ளைகள் அணி என்று ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் காம்பவுண்டில் பிள்ளைகள் கூடுவார்கள். வெள்ளை உடை, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஒரு நீலப் பட்டி. மார்ச் பழகுவார்கள், முதலுதவி கற்றுக்கொள்வார்கள், பாட்டும் விளையாட்டும் இருக்கும், கடைசியில் ஜெபம். போன வருடம் அதற்கு ஆண்டு விழா எடுத்தார்கள். அணி எப்படி ஆரம்பித்தது என்று நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று பாஸ்டர் சொன்னார்.

"மீரே ஃபர்ஸ்ட் பேட்ச் கதா மேடம். மீக்கு தெலியனிதா?" என்றார். முதல் பேட்ச் நீங்கள்தானே, உங்களுக்குத் தெரியாததா என்று அர்த்தம். அவர் இளைஞர், தெலுங்கு ஆராதனைக்காக வந்தவர், தமிழ் புரியும், பேச வராது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். முதல் பேட்ச் என்பது உண்மை. அப்போது நான் எட்டாம் வகுப்பு. என் கண் முன்னால் நடந்ததைச் சொல்வதற்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

கங்காதர நெல்லூரில் அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பிள்ளைகளுக்குத் தெலுங்கில் கணக்குச் சொல்லித் தருகிறேன், வீட்டில் தமிழ் பேசுகிறேன், மனதுக்குள் கூட்டல் கழித்தல் மட்டும் இங்கிலீஷில் ஓடுகிறது. ஆகவே எந்த மொழியில் எழுதுவது என்பதிலேயே முதல் அரை மணி நேரம் போயிற்று. இப்போதைய பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் நடந்ததெல்லாம் எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது. தமிழிலேயே முதல் வாக்கியத்தை எழுதினேன்: "எங்கள் அணியை ஆரம்பித்தவர் எங்கள் பி.டி. டீச்சர்."

எழுதியதும் நின்றுவிட்டேன். சபையில் யாரைக் கேட்டாலும் அன்றைய பாஸ்டரம்மாதான் ஆரம்பித்தார் என்பார்கள். பாஸ்டரம்மா என்றால் அப்போதிருந்த பாஸ்டரின் மனைவி. நீலப் பட்டிகளைத் தன் மெஷினிலேயே தைத்துக் கொடுத்தவர், பல வருடம் அணியை நடத்தியவர். அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர் செய்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பம் அவரல்ல. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எனக்கு நினைவிருப்பது இதுதான். எங்கள் சபையில் ஆண்பிள்ளைகளுக்கு முன்பே ஒரு குழு இருந்தது. அவர்களுக்கு டிரம் உண்டு, கொடி உண்டு. சனிக்கிழமை அவர்கள் மார்ச் போகும்போது நாங்கள் உள்ளே உட்கார்ந்து கைக்குட்டையில் பூப்போட வேண்டும். ஒருநாள் அவர்கள் எல்லோரும் எங்கோ முகாமுக்குப் போயிருந்தார்கள். காம்பவுண்டு காலியாக இருந்தது. நாங்கள் சில பேர் வெளியே வந்து அவர்களைப் போலவே நடந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். ரோட்டில் போய்க்கொண்டிருந்த பி.டி. டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். எங்கள் பெண்கள் ஹைஸ்கூலில் விளையாட்டு டீச்சர் அவர். திருப்பதிக்காரர், ஐயங்கார் வீட்டுப் பெண், நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, காலில் கான்வாஸ் ஷூ. எங்களை வரிசையில் நிறுத்தி, "இடது கால் முதல்ல" என்றார். அன்று ஆரம்பித்ததுதான் அணி.

ஒரு சின்ன விஷயத்தைச் சரிபார்க்கலாம் என்று என் தோழிக்குப் போன் செய்தேன். அவளும் முதல் பேட்ச். திருப்பதி ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை. அன்று எத்தனை பேர் இருந்தோம் என்று கேட்கத்தான் போன் செய்தேன்.

"டீச்சர் எங்கடி ஆரம்பிச்சாங்க?" என்றாள். "நாமதான ஆரம்பிச்சோம். நீ சோத்துத் தட்ட ஒரு கரண்டியால தட்டிகினு முன்னாடி போன. நாங்க பின்னாடி வந்தோம். ஒரு மாசம் அப்டிதான் ஓடிச்சி."

"தட்டா? நானா?"

"உங்க வூட்டுத் தட்டுதான். நசுங்கிப் போய் உங்க நைனா கத்தினாரே."

நைனா, அதாவது என் அப்பா, கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. எதற்குக் கத்தினார் என்பது நினைவில்லை. அவள் சொன்ன பிறகு அது தட்டுக்காகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பிறகு, அவள் சொன்னதால்தான் அப்படித் தோன்றுகிறதோ என்றும் தோன்றியது.

"அப்ப டீச்சர் எப்ப வந்தாங்க?"

"அப்பறமா பாஸ்டரம்மா கூட்டிகினு வந்தாங்க. இது கூட மறந்துட்டியா?"

போனை வைத்துவிட்டு எழுதியதை அடித்தேன். பிறகு அடித்ததற்கு மேலேயே மறுபடி எழுதினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விடைத்தாளில் இப்படிச் செய்தால் எனக்குக் கோபம் வரும்.

சரி, ஆரம்பத்தை விட்டுவிட்டுக் குடியரசு தின அணிவகுப்பைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, ஊரே பார்த்தது.

அணி ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். அதற்குள் டீச்சருக்குத் திருப்பதிக்கே மாற்றல் ஆகிவிட்டது. ஆனாலும் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிச் சித்தூருக்கு வந்து எங்களைப் பழக்கிவிட்டு மறுபடி பஸ் ஏறுவார். போலீஸ் மைதானத்தில் நடக்கும் குடியரசு தின அணிவகுப்பில் ஆண்பிள்ளைகளோடு நாங்களும் கலந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. யார் யாரையோ பார்த்து அனுமதி வாங்கினார். பாஸ்டரம்மா இரவு பகலாகப் பட்டி தைத்தார். டீச்சர் எங்களுக்கு இங்கிலீஷில் பழக்கினார். ரைட் டர்ன் என்றால் வலது, லெஃப்ட் டர்ன் என்றால் இடது. நாங்கள் தூக்கத்தில்கூடத் திரும்புவோம்.

மைதானத்தில் கட்டளை இந்தியில் வந்தது.

அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவேளை டீச்சருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஒலிபெருக்கியில் அந்த இந்திக் குரல் வந்தபோது, இந்தி வகுப்பில் கவனமாக இருந்த பிள்ளைகள் ஒரு பக்கம் திரும்பினார்கள். மற்றவர்கள் எதிர் வரிசை ஆண்பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினார்கள், அந்தப் பையன்கள் எங்களைப் பார்த்து நின்றதால் அவர்களுடைய வலது எங்களுக்கு இடதாகிவிட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எங்கள் அணி இரண்டு பாதியாகப் பிரிந்து நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தது. எனக்கு எதிரே என் தோழி. அவள் மூக்கு என் மூக்கிலிருந்து ஒரு முழம் இருக்கும். யார் சரி, யார் தப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. டீச்சர் கயிற்றுக்கு அந்தப் பக்கம், எங்களை நெருங்க முடியாத இடத்தில் நிற்கிறார்.

அப்போது என் தோழி எனக்கு சல்யூட் அடித்தாள். நான் அவளுக்கு அடித்தேன். எங்கள் வரிசை முழுக்க எதிர் வரிசைக்கு அடித்தது. கூட்டம் கை தட்டியது.

இன்றைக்கும் எங்கள் சபையில் அதைப் பற்றிப் பேசும்போது, "எதிரெதிர் வணக்கம்" என்று ஒரு விசேஷ அணிவகுப்பைச் செய்து பாராட்டுப் பெற்றோம் என்றுதான் சொல்கிறார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் அதை வருடா வருடம் பழகுகிறார்கள். நானே போன விழாவில் பார்த்தேன், மிகவும் அழகாகச் செய்தார்கள். அந்த விழாவரை அது தவறு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லலாமா என்றும் தெரியவில்லை, ஏனென்றால் மறுபடி போன் செய்து தோழியிடம் கேட்டபோது அவள் வேறு மாதிரி சொன்னாள்.

"நான் சும்மாவா அடிச்சேன்? டீச்சர் விசில் ஊதினாங்க. ரெண்டு தடவ ஊதினா சல்யூட்டுன்னு நமக்கு சொல்லி வச்சிருந்தாங்க இல்ல."

எனக்கு விசில் சத்தம் கேட்டதாகவே நினைவில்லை.

அந்த அணிவகுப்புக்குச் சில வாரங்கள் கழித்து நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு எப்போதும் விளங்காத இடம். ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிந்து, டீச்சர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேட் அருகே அவரும் பாஸ்டரம்மாவும் நின்று பேசினார்கள். நான் சற்றுத் தள்ளி நின்று ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தேன், தோழி கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பாஸ்டரம்மா இரக்கமான குரலில், "இவ்ளோ தூரம் பஸ்ஸுல அலைஞ்சிகினு நீங்க வரணும்னு இல்ல டீச்சர். முடிஞ்சப்ப வாங்க" என்றார். டீச்சர் தலையசைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பாஸ்டரம்மா எங்கள் முன்னால் நின்று கையைத் தட்டி எங்களை நடக்க வைத்தார். அவருக்கு மார்ச் தெரியாது, பாட்டுக்குத் தாளம் போடுவதைப் போல் தட்டினார், நாங்களும் அந்தத் தாளத்துக்கு ஆடி ஆடி நடந்தோம். டீச்சர் எங்கே என்று நாங்கள் கேட்டால், "வருவாங்க, வருவாங்க" என்பார். பிறகு நாங்கள் கேட்பதை நிறுத்திவிட்டோம். மைதானத்தில் தப்பாகத் திரும்பி அவரை அவமானப்படுத்திவிட்டோம், அதனால்தான் வரவில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். வீட்டில் கேட்டபோது அம்மா, "அவங்க வேற ஆளுங்க. எவ்ளோ நாள் நம்ம கூட வருவாங்க" என்றார். வேற ஆளுங்க என்றால் என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்தபோது, அதுதான் காரணமா என்று இன்னொரு குழப்பம் சேர்ந்துகொண்டது.

டீச்சர் எங்கள் ஜெபத்தின்போது வெளியே போகமாட்டார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணைத் திறந்தபடி நின்று, சின்னப் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அது எப்படித் தெரியும் என்றால் நானும் கண்ணைத் திறந்துதான் இருப்பேன். ஒருமுறை எங்களைச் சந்திரகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போய்விட்டுத் திருப்பதியில் தன் வீட்டில் சாப்பாடு போட்டார். அவருடைய அப்பா மலைக்கோயிலில் சேவை செய்பவர். சர்ச் காம்பவுண்டில் தான் பழக்குவது வீட்டுக்குத் தெரியாது, ஸ்கூல் பிள்ளைகள் என்றுதான் சொல்லியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். இலையில் புளியோதரை வைத்தார்கள். யாரும் சொல்லாமலே எங்களில் ஒருத்தி எழுந்து, "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் பயந்து டீச்சரின் அம்மாவைப் பார்த்தோம். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துக் கைகூப்பினார். ஜெபம் முடிந்ததும், "நன்னா சொன்னடிம்மா. சாப்பிடறதுக்கு முன்னாடி ஆண்டவனை நெனச்சுக்கணும்" என்றார். தப்பித்தோம் என்று நினைத்துச் சாப்பிட்டோம்.

இவ்வளவையும் யோசித்துவிட்டுத் தோழிக்கு இன்னொரு முறை போன் செய்து, "டீச்சர் இப்ப எங்க இருக்காங்களோ" என்றேன்.

"இங்கதான், திருப்பதியில. போன வருசம் என் கவுண்டருக்கு டிக்கெட் எடுக்க வந்தாங்க. உங்கிட்ட சொன்னேனே."

"நீ சொல்லவே இல்ல."

"சொன்னன்டி. இல்ல, சொல்லணும்னு நெனச்சேனோ இன்னாவோ."

அந்த வாரமே விடுமுறை நாளில் திருப்பதிக்குப் போனேன். மாதத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது வேலையாகத் திருப்பதிக்குப் போகிறவள் நான். அவரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருடம் ஏன் தோன்றவில்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். அவர் எங்களை விட்டுப் போனவர் என்று மனதில் பதிந்திருந்தது. நம்மை வேண்டாம் என்று போனவரை எப்படித் தேடுவது.

தோழி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப்போனாள். டீச்சர் ஒரு அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். கதவைத் திறந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பேரும் அப்படியே இருக்கேள்" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இல்ல, அடையாளமே தெரியல. உள்ள வாங்கோ" என்றார்.

காபி கொடுத்தார். முட்டி வலி என்றார், ஆனால் நிமிர்ந்துதான் நடந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அணியை ஆரம்பித்தது நீங்கள்தான் என்று நான் சொல்கிறேன், நாங்களே என்று இவள் சொல்கிறாள், பாஸ்டரம்மா என்று ஊர் சொல்கிறது, நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

"நான் எதையும் ஆரம்பிக்கலையே" என்றார். "நீங்க ரெண்டு பேரும்தான் பி.டி. ரூம் வாசல்ல வந்து நின்னேள். பாஸ்டரம்மா அனுப்பினாங்க, ஒரு விசில் வேணும்னு கேட்டேள். எதுக்குன்னு கேட்டேன். மார்ச் போறோம்னு சொன்னேள். ஸ்கூல் விசிலைக் கொடுக்கப்படாது, நானே கொண்டு வரேன்னு சனிக்கிழமை வந்தேன். ஏற்கெனவே வரிசையா நின்னுண்டு இருந்தேள்."

நானும் தோழியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பி.டி. ரூம் வாசலில் போய் நின்றது இரண்டு பேருக்குமே நினைவில்லை. அப்படியானால் கேட்டைத் திறந்துகொண்டு கான்வாஸ் ஷூவோடு அவர் உள்ளே வந்தது? அவர் வந்தது உண்மைதான். வழியில் போனவர் வந்தார் என்று நான் நினைத்திருக்கிறேன், கூப்பிட்டதால் வந்தேன் என்று அவர் சொல்கிறார்.

"அப்ப பாஸ்டரம்மா ஆரம்பிச்சதா?" என்று தோழி கேட்டாள்.

"அவாளைக் கேட்டிருந்தா, 'பிள்ளைங்களே நடந்துகினு இருந்தாங்க, நான் பாத்தேன்'னு சொல்லியிருப்பா. என்கிட்ட அப்படித்தான் சொன்னா."

நான் பேச்சை மாற்றி, திருப்பதியில் அவர் வீட்டில் சாப்பிட்டதைச் சொன்னேன். நாங்கள் யார் என்று தெரியாமல் அவருடைய அம்மா கைகூப்பியதைச் சொல்லிச் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமே. முதல் வாரமே சொல்லிட்டேன். பிள்ளைங்களை அழைச்சுண்டு வா, பாக்கணும்னு அவதான் சொன்னா. பொண்ணுங்க மார்ச் போறதை அவ பாத்ததே இல்ல. சாப்பிட்டதும் மாடியில உங்களை நடக்கச் சொன்னாளே, ஞாபகம் இல்லையா?"

மாடி எனக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. சூடான தரை, வெறுங்கால். வேறு எங்கேயோ நடந்ததென்று நினைத்திருந்தேன்.

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ஏன் டீச்சர் வரதை நிறுத்திட்டீங்க?"

அவர் டம்ளர்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்று வைத்தார். "பாஸ்டரம்மா வர வேணாம்னுட்டாளே" என்றார். "கேட்டுக்கிட்ட நின்னுண்டு, 'இனிமே நீங்க வரணும்னு இல்ல டீச்சர்'னு சொன்னா. நன்னா மரியாதையாத்தான் சொன்னா. எனக்குப் புரிஞ்சுது. அவா சபை, அவா பிள்ளைங்க. நான் எத்தனை நாளைக்கு."

"இல்ல டீச்சர்," என்றேன். "அலைஞ்சிகினு நீங்க வரணும்னு இல்ல, முடிஞ்சப்ப வாங்கன்னு சொன்னாங்க. நான் பக்கத்துல இருந்தேன்."

"முடிஞ்சப்ப வாங்கன்னு சொல்லலையே."

"சொன்னாங்க டீச்சர்."

தோழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இன்னா பேசறீங்க?" என்றாள். "அத சொன்னது டீச்சர். 'இனிமே நான் வரணும்னு இல்ல பாஸ்டரம்மா, இவங்களே பாத்துப்பாங்க'ன்னு நீங்கதான சொன்னீங்க. நான் கொடிய சுத்திகினு நின்னேன். பாஸ்டரம்மா மூஞ்சி வாடிப் போச்சி."

வரணும்னு இல்ல என்ற சொல் மூன்று பேருக்கும் ஒன்றாக இருந்தது. அதை யார் சொன்னது, முன்னும் பின்னும் என்ன சொன்னது என்பதில் மூன்று பேரும் மூன்று பக்கம் திரும்பி நின்றோம்.  கீழே தெருவில் யாரோ தெலுங்கில் விலை கேட்டுக்கொண்டிருந்தது மாடி வரை கேட்டது.

"விழாவுக்கு வாங்க டீச்சர்" என்றேன்.

"கூப்பிடறது நீயா, சபையா?" என்று கேட்டார்.

 சித்தூருக்குத் திரும்பியதும் பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அயிதே ஆமெனி பிலவண்டி, நேனே ஃபோன் சேஸ்தானு" என்றார். அவரைக் கூப்பிடுங்கள், நானே போன் செய்கிறேன் என்று. அவரே போன் செய்து தெலுங்கில் பேசி அழைத்தார். டீச்சர் வருகிறேன் என்றார்.

விழாவன்று தோழி அவரைப் பஸ்ஸில் கூட்டி வந்தாள். அவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு கூப்பிட்டும் முன்னால் வரவில்லை. பிள்ளைகள் மார்ச் போனார்கள், எதிரெதிர் வணக்கமும் செய்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்ததை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, எனக்குத் தெரியாது என்று ஆரம்பித்தேன். யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள், நான்கையும் சொல்கிறேன், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பாதியைத் தமிழிலும் பாதியைத் தெலுங்கிலும் சொன்னேன். தட்டைப் பற்றிச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். குடியரசு தினத்தன்று நாங்கள் தப்பாகத் திரும்பியதையும் சொன்னேன். முன் வரிசையில் இருந்த பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கேட் அருகே நடந்த பேச்சை மட்டும் சொல்லவில்லை. எந்த விதமாகச் சொன்னாலும் யாரோ ஒருவர் மேல் பழி விழும், அது யார் மேல் விழ வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்து டிபன் பரிமாறும்போது பாஸ்டரம்மாவின் மகள் என்னிடம் வந்தாள். எங்கள் காலத்தில் கைக்குழந்தை. இப்போது வேலூரில் இருக்கிறாள், தாயின் நினைவாக அவளை அழைத்திருந்தார்கள். "அந்த டீச்சர் வந்திருக்காங்கன்னு சொன்னீங்களே, எங்க?" என்று கேட்டாள். கூட்டிப்போனேன்.

டீச்சர் கையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அம்மா உங்களைப் பத்திச் சொல்லிகினே இருப்பாங்க" என்றாள். "உங்களுக்கு அவங்க மேல கோபம்னு சொல்வாங்க. பரேடுல ஏதோ தப்பாயிடுச்சாம், அதுல நீங்க கோச்சிகினு போயிட்டீங்க, நான் போய்க் கூப்ட்டிருக்கணும்னு சொல்வாங்க. ரெண்டு தடவ திருப்பதி பஸ்ஸு ஏறப் போய்த் திரும்பி வந்தாங்களாம்."

"கோபமா?" என்றார் டீச்சர். "எனக்கா?"

"அப்டிதான் சொன்னாங்க."

"எனக்கு என்ன கோபம். கூப்பிட்டா வரலாம்னு நான் உக்காந்துண்டு இருந்தேன்."

 டீச்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அழவில்லை. ஆனால் வெகு நேரம் கையை விடவில்லை. யாரோ வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தோழி என் முதுகுக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

விழா மலர் பிறகு அச்சாகி வந்தது. நான் பேசியதை நான்கு வரியாகச் சுருக்கி, அணியைப் பாஸ்டரம்மாவும் பி.டி. டீச்சரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள் என்று போட்டிருந்தார்கள். நான்கு விதத்தில் எதுவும் அப்படி இல்லை. ஆனால் படித்தபோது, சொல்லப் போனால் அப்படித்தான் நடந்திருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. தோழி போனில், "ரெண்டு பேரும் இல்லடி, நாமதான்" என்றாள்.

விழாவன்று சாயங்காலம் டீச்சரைப் பஸ் ஏற்றிவிட நான் போனேன்.  பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ் வரும் இடத்தில் நின்றோம். ஸ்ரீ சிட்டி பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பிள்ளைகள் பைகளோடு கூட்டமாக நின்றார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு கேட்டுக்கிட்ட அதைப் பாஸ்டரம்மா சொன்னாளா, நான் சொன்னேனா?"

"தெரியல டீச்சர்."

"இத்தனை வருஷமா அவாதான் சொன்னான்னு நிச்சயமா இருந்தேன்" என்றார். "இப்ப அந்தக் குரலை நெனச்சுப் பாக்கறேன். என் குரல் மாதிரிதான் கேக்கறது."

பஸ் வந்தது. கூட்டம் முட்டி மோதி ஏறியது. கண்டக்டர் பெரியவர்களுக்கு வழிவிடச் சொல்லித் தெலுங்கில் கத்தினார். டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார், முட்டி வலியைக் காட்டிக்கொள்ளாமல். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்து உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்வரை நான் அந்த ஜன்னலுக்குக் கீழேயே நின்றேன்.